தம்பிக்கு இடம் கெடச்சிருச்சு டி

ஏய்,

உன் மெசேஜ் மூணுக்கும் பதில் போடல, கோவமா இருப்ப. குடை விஷயத்துக்கே ஆறு மாசம் பேசாதவ ஆச்சே நீ. பொண்ணு பரீட்சை எப்படி எழுதினா? அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு. சரி விஷயத்துக்கு வரேன், தம்பிக்கு பகல் நேரம் போக ஒரு சென்டர் கெடச்சிருச்சு.

பழைய சென்டர் மூடினதுல இருந்து எட்டு மாசம் வீட்லயே கெடந்தான். டிவி, தூக்கம், மறுபடி டிவி. தானா சட்டை பட்டன் போடறவன் அம்மா போட்டு விடட்டும்னு சும்மா நிக்க ஆரம்பிச்சான். டவுன் சின்ட்ரோம்னா வயசாக ஆக அப்படித்தான்னு ஆளாளுக்கு சொன்னாங்க, எனக்கு மனசு கேக்கல, பிளட் டெஸ்ட் எடுத்து பாத்தா தைராய்டு கம்மி! இவங்களுக்கு அது ரொம்ப சகஜமாம், வருஷா வருஷம் பாத்துடணுமாம். மாத்திரை போட்டு ரெண்டு மாசத்துல பழைய ஆளா எந்திரிச்சுட்டான். அப்புறம்தான் இடம் தேடவே ஆரம்பிச்சேன்.

முதல் இடம் பளபளன்னு இருந்துச்சு. ஆனா 34 வயசு ஆளுக்கு முயல் படம் குடுத்து கலர் அடிக்க சொல்லி, "குட் பாய்"னு கை தட்டறாங்க டி. பென்சிலை மெதுவா டேபிள் மேல வச்சுட்டு என்னை பாத்தான் பாரு, அந்த பார்வை எனக்கு இன்னும் போகல. ரெண்டாவது இடத்துல, இவன் தனியா பேசிக்கறதை நிறுத்தினாத்தான் சேப்போம்னாங்க. நாள் பூரா நடந்ததை அவன் தனக்குத்தானே சொல்லி சொல்லித்தான் மனசுல ஒழுங்கு பண்ணிக்கறான், டவுன் சின்ட்ரோம் இருக்கற பெரியவங்க நெறைய பேர் அப்படித்தான், அதைக்கூட தெரிஞ்சுக்காம என்ன சென்டர் நடத்தறாங்கன்னு அங்கயே சண்டை போட்டுட்டு வந்தேன். நீ இருந்திருந்தா இன்னும் நல்லா போட்டிருப்ப.

மூணாவது இடம் பழைய கட்டடம், பெயின்ட் கூட உரிஞ்சிருந்துச்சு. அங்க இருந்த அம்மா என்னை கண்டுக்கவே இல்ல, இவன் பக்கத்துல சேரை போட்டு உக்காந்து "இங்க வந்தா என்ன செய்யணும்னு ஆசை?"ன்னு கேட்டாங்க. இவன் பேசல. வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன், கொஞ்சம் இருங்கன்னு கையை காட்டிட்டாங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது, எனக்கு வயித்தை பெசையுது, அப்புறம் மெதுவா "செடிக்கு தண்ணி"ன்னான். இவங்களுக்கு புரியறது நெறைய, வார்த்தையா வெளிய வரத்தான் நேரம் எடுக்கும். 34 வருஷமா அந்த நேரத்தை நானே முழுங்கிட்டு இருந்திருக்கேன் டி.

மத்ததும் கேட்டேன். ஒரு ஸ்டாஃபுக்கு எத்தனை பேர், வேலை செய்யறவங்க நிலைக்கறாங்களா, பாத்ரூம்ல உதவி வேணும்னா யாரு வருவாங்க, இப்படி. சொல்லாம கொள்ளாம ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கும் போய் நின்னேன், ஏன்னா காலைல எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும், சாப்பாட்டுக்கு அப்புறம்தான் டிவி முன்னாடி உக்கார வைப்பாங்க. இங்க வைக்கல. கட்டாயப்படுத்தாம ஒரு வாரம் சும்மா வந்து பாக்கட்டும்னு விட்டாங்க, இப்ப காலைல எனக்கு முன்னாடி ஷூ போட்டு ரெடியா நிக்கறான்.

ஒரு பயம் மட்டும் இருக்கு, உன்கிட்டதான் சொல்ல முடியும். அல்சைமர்ஸ்ங்கற மறதி நோய்ல மூளைல படியற அமிலாய்ட்னு ஒரு புரதம் இருக்குல்ல, அதுக்கான ஜீன் இருக்கறதே 21வது குரோமோசோம்லதான், டவுன் சின்ட்ரோம் இருக்கறவங்ககிட்ட அது ஒண்ணு கூடுதலா இருக்கு. 40 வயசுல இவங்கள்ல ஏறக்குறைய எல்லாருக்கும் மூளைல அந்த மாற்றம் இருக்குமாம், மறதி வர்றது அதுக்கப்புறம் ஆளுக்கு ஆள் மாறுமாம். அதான் இப்பவே அவன் பட்டன் போடறது, டீ போடறது, வீட்டுக்கு வழி சொல்றது எல்லாத்தையும் வீடியோ எடுத்து வைக்கறேன். நாளைக்கு ஏதாவது மாறினா எதுல இருந்து மாறுச்சுன்னு தெரியணும்ல. சென்டர்லயும் ஒரு நோட்டு போட்டு எழுதறாங்க. அம்மாகிட்ட இதை சொல்லல, நீயும் உளறிடாத.

உன்னை இன்னும் குடை அக்கான்னுதான் கேக்கறான். ஞாயித்துக்கிழமை கூப்பிடு, ஃபோனை முதல்ல அவன்கிட்ட குடுக்கறேன். பதில் வரலைன்னு கட் பண்ணிடாத.