செட்டில்மென்ட் போட்டதும் கார்டு கடன் தீர்ந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு கடனைப் பற்றி நம்ம பக்கத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதை நம்பி நல்ல பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல்தான் இதை எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். கொள்முதல் பில்லோடு சேர்த்து கார்டு பில்லையும் வக்கீல் நோட்டீசையும் பையில் கொண்டுவருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கட்டாமல் இருந்தால் வங்கியே இறங்கி வரும், பாதியைக் கட்டி செட்டில்மென்ட் போட்டால் கடன் தீர்ந்தது, அப்புறம் வேறு வங்கியில் லோன் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். வங்கி இறங்கி வருவது உண்மைதான், சில நேரம் நன்றாகவே குறைத்துக்கொள்வார்கள். ஆனால் முழுப் பணமும் கட்டிய கணக்கு நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' (முடிந்தது) என்று வரும், குறைத்துக் கட்டியது 'செட்டில்டு' (பேசிக் குறைத்து முடித்தது) என்று வரும். அடுத்து வீட்டுக் கடன் கேட்டுப் போனால் மேனேஜர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். இந்த விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதோடு 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, இப்படிச் சமரசமாக முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் புதுக் கடன் தரலாம். வேலை போய், வைத்தியச் செலவு வந்து, வேறு வழியே இல்லாதவர் செட்டில்மென்ட் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்து போட வேண்டும்.

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். ஒன்றேகால் லட்சம் பாக்கியை ஐம்பதாயிரத்துக்கு முடித்தாச்சு, பிறகும் ஏன் போன் வருகிறது என்று கேட்டார். ரசீதைக் காட்டுங்கள் என்றால் கைபேசியை நீட்டினார். அதில் வங்கிக்காகக் கடன் வசூலிக்கும் ஏஜென்ட் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, 'உங்கள் கணக்கு முடிந்தது' என்று. அதற்குக் கீழே ஜிபே-யில் பணம் போன படம். பணம் பெற்றவர் என்ற இடத்தில் வங்கியின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. வங்கியில் விசாரித்தால் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்கிறார்கள். பாக்கி வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

தயவுசெய்து இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடிதம், அப்புறம்தான் பணம். வங்கியின் லெட்டர்பேடில் அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சலில் கடிதம் வர வேண்டும். கார்டின் கடைசி நான்கு எண், மொத்தப் பாக்கி, எவ்வளவு கட்டினால் போதும், எந்தத் தேதிக்குள், மீதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்ற வாசகம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பணத்தை அந்தக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள், ஏஜென்ட் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் அவர் கையில் கொடுக்காதீர்கள். தவணையாகப் பேசியிருந்தால் ஒரு தவணை தவறினாலே ஒப்பந்தம் ரத்தாகிவிடக்கூடும், அதையும் கடிதத்தில் பாருங்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கிவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். தப்பாக இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம், 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

சிபில் அறிக்கையில் 'ரைட் ஆஃப்' (வராக்கடனாகக் கழித்தது) என்று வந்ததைப் பார்த்து வங்கி கடனை விட்டுவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்வது, வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. மூன்று வருஷம் ஓட்டினால் போதும் என்பதும் பாதிதான் சரி. வழக்குப் போட 3 ஆண்டு கெடு உண்டு, ஆனால் நடுவில் கொஞ்சம் பணம் கட்டி அதற்கு உங்கள் கையெழுத்தோ எழுத்தோ இருந்தால், அல்லது பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். சிபில் பதிவும் அதனால் மறையாது.

இன்னொரு பக்கம், போலீஸ் வந்து பிடித்துப்போகும் என்று பயந்து சாகிறார்கள். ஏமாற்றும் எண்ணமில்லாமல் கார்டு பணம் கட்ட முடியாமல் போனது சிவில் விவகாரம், அதற்காக யாரும் கைது செய்ய முடியாது. செக் கொடுத்து அது திரும்பினால் மட்டும் விஷயம் வேறு. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீசும் வாரண்ட் இல்லை, பேசி முடிக்கக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பேசலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களிடம் போய் அசிங்கப்படுத்தக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

இதெல்லாம் எங்கே தொடங்குகிறது என்றால் 'மினிமம் டியூ', அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் போதும் என்ற நினைப்பில்தான். ஒரு லட்சம் பாக்கி, மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டி 3,500, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 630, ஆக 4,130. மினிமம் 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய்தான். அதற்குமேல் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த நிலைக்கு வரும்போதே வங்கியில் கேட்டு பாக்கியை இஎம்ஐ-யாக மாற்றிக்கொண்டால் வட்டி குறையும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கி அடைப்பதுகூட மேல். கந்துவட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள். 2017-ல் நம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்ததை இந்த ஊர் மறக்க முடியாது.

'பாதி கட்டினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று முன்பணம் வாங்கும் இடைத்தரகர்கள் வேறு பெருகிவிட்டார்கள். அவர்கள் செய்கிற காரியத்தை வங்கிக்கு நாமே ஒரு மெயில் எழுதிச் செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட விளம்பரங்களை உங்கள் பத்திரிகை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்டு நிபந்தனைகள் முடிந்தவரை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. செட்டில்மென்ட் கடிதத்தையும் தமிழில் கொடுங்கள் என்று இந்த மாவட்டத்து வங்கிகளிடம் நீங்கள் ஒரு தலையங்கம் எழுதிக் கேட்டால், அது பல குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி.