குடும்பப் பதிவேடு: பெயர்களைச் சரிபார்த்து அனுப்புங்கள்

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

வரும் செப்டம்பர் 27, ஞாயிறு, நம் தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாள். 1947-இல் இதே தேதியில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், 1908-லேயே ஒன்று சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒரே சபையாயின. அன்றைக்குப் புதிய குடும்பப் பதிவேட்டை ஆலயத்தில் வைத்து ஜெபிக்கிறோம்.

பழைய பதிவேட்டைப் புரட்டினால் மனசு கனக்கிறது. பல பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் சாதி எழுதியிருக்கிறது. சில பக்கங்களில் 'எஸ்.பி.ஜி.', 'லண்டன் மிஷன்' என்று பழைய மிஷனெரிச் சங்கங்களின் பெயரே தலைப்பு. புதியதில் இவை எதுவும் வராது. இது கமிட்டி ஒருமனதாக எடுத்த முடிவு.

1. செப்டம்பர் 13-க்குள் வீட்டார் எல்லாருடைய பெயரையும் எனக்கு அனுப்புங்கள்.
2. ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் இரண்டும் வேண்டும். ஒரே பாட்டி மேரி, மரியாள், மரியம்மாள் என்று மூன்று இடத்தில் இருக்கிறார். அவருடைய கல்லறைப் பதிவைத் தேடி ஒரு நாள் முழுக்கத் திண்டாடினோம்.
3. பிறந்தபோது வைத்த பெயரோடே ஞானஸ்நானம் பெற்றவர்கள் அதையே எழுதுங்கள். யாரும் கூச்சப்பட வேண்டாம், அதுவும் கர்த்தர் அறிந்த பெயர்தான்.
4. திருமணமான பெண்கள் தகப்பன் பெயரா, கணவர் பெயரா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.
5. ஆராதனை காலை 8 மணி. அப்புறம் ஐக்கிய விருந்து, எல்லாருக்கும் ஒரே பந்தி.

படித்தவர்கள் 'சரி' என்று பதில் போடுங்கள். போன் இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்து வீட்டார் சொல்லிவிடுங்கள்.

சபைச் செயலர்