உன் போலி வாத்தியார் விஷயமாக

அன்புள்ள சுந்தரம்,

நாடகம் வந்து சேர்ந்தது. முட்டி வலி அப்படியேதான், பேத்திக்குக் காது குத்தியாயிற்று, சேது சர்க்கரையைக் குறைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மைசூர்பாகு தின்கிறான். மற்றதைப் போனில் பேசலாம். நாடகத்தைப் பற்றிப் போனில் பேச முடியாது, நீ குறுக்கே குறுக்கே பேசுவாய்.

முதல் காட்சி பிரமாதம். மூன்றாம் காட்சியில் எரிச்சல் வந்துவிட்டது. உன் போலி வாத்தியார் சிவகாசி அச்சகத்தில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் அடித்துக்கொண்டு வருகிறான், ஏழாம் நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேள்வி கேட்டு அவனை மாட்டிவிடுகிறாள். நீ எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதினாய்? வகுப்பறையில் எந்தப் போலியும் மாட்டியதில்லையப்பா. மாட்டுவதெல்லாம் ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு ஜெராக்ஸ் காகிதத்தில்.

அச்சடித்த சான்றிதழ் நிற்காது. ஆள் பணியில் சேர்ந்ததும் உண்மைத்தன்மை அறிய நகல்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பதிவெண், தேர்வு நடந்த மாதம், வருடம் மூன்றையும் வைத்துப் பழைய மதிப்பெண் பதிவேட்டில் தேடுவார்கள். அந்தப் பதிவெண்ணில் வேறொரு பெண் பிள்ளையின் பெயர் இருக்கும், அல்லது அந்த எண்ணே இருக்காது. கதை முடிந்தது. பதில் வரச் சில நேரம் வருடக்கணக்காகும் என்பது வேறு விஷயம்.

ஆகவே உன் ஆளுக்கு உண்மையான சான்றிதழ் கொடு. அவனுடைய பெரியப்பா மகன், 10.6.1971-இல் பிறந்தவன், +2 முடித்து இரண்டு வருடப் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, 1992-இல் செத்துப் போகிறான். கிராமம், சாவை யாரும் பதியவில்லை. அன்றைக்கு இடைநிலை ஆசிரியர் வேலை பதிவு மூப்புப்படிதான். 1996-இல் செத்தவன் பெயருக்கு நேர்காணல் கடிதம் தபாலில் வருகிறது. தம்பிக்காரன் பெட்டியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். ஒரு ஓட்டை மட்டும் அடைத்துக்கொள்: பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். செத்தவனுக்கு யார் புதுப்பித்தது? அவன் அம்மா என்று வை. பிள்ளை இல்லையென்று ஒப்புக்கொள்ள முடியாமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருக்கிறாள். இனி எத்தனை முறை உண்மைத்தன்மை கேட்டாலும் இயக்ககம் ‘உண்மையானவை’ என்றே பதில் போடும். காகிதத்தில் பொய் கிடையாது.

எங்கே பயம் என்றால், பணிப் பதிவேட்டின் முதல் பக்கம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம் இரண்டு, கைவிரல் ரேகை. அண்ணனின் பள்ளிச் சான்றில் ‘இடது புருவத்தின் மேல் தழும்பு’ என்று இருக்கட்டும். சேருவதற்கு முதல் நாள் இரவு உன் கதாநாயகன் சவர பிளேடோடு கண்ணாடி முன்னால் நிற்கிறான். உன் இரண்டாம் காட்சி அதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை மறுபடி சரிபார்த்துச் சான்றொப்பம் இட வேண்டும் என்று அதிலேயே அச்சாகியிருக்கும். பெரும்பாலும் எழுத்தர் ஆளைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிவிடுவார். அவனுக்கு அது தெரியாது, ஒவ்வொரு முறையும் தழும்பைக் கீறிக்கொண்டு வருவான்.

இதையெல்லாம் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் நாடகம் ‘எப்போது மாட்டுவான்’ என்று ஓடுகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. சும்மா கிடந்தால் அவனை யாரும் தொட மாட்டார்கள். நல்லது எது வந்தாலும் அன்றைக்குத்தான் ஆபத்து. 10 வருடத்தில் தேர்வுநிலை, 20-இல் சிறப்புநிலை என்று சம்பளம் ஒவ்வொரு படி ஏறும். இரண்டுக்கும் சான்றிதழ் கட்டு மறுபடி மேஜைக்கு வரும். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வந்தால் ‘உரிமை விடுகிறேன்’ என்று எழுதிக் கொடுப்பான். தியாகி என்று பெயர் வரும். தியாகி என்று பெயர் வந்தால் நல்லாசிரியர் விருதுக்குப் பரிந்துரைப்பார்கள். அதற்குக் கேட்கும் கோப்பின் தடிமனைப் பார்த்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. யாரையாவது அடித்துக் கெட்ட பெயர் வாங்கலாமென்றால் விசாரணை வரும், விசாரணை வந்தால் பதிவேடு திறக்கும். நல்ல பெயரும் கூடாது, கெட்ட பெயரும் கூடாது. 29 வருடம் ஒரு மனிதன் 60 மார்க்கிலேயே நிற்கப் படும் பாடு இருக்கிறதே, சிரிப்பு அங்கேதான்.

அப்புறம், போலி என்பவன் மேதையாக இருந்து பிள்ளைகளை உருக வைப்பான் என்கிற சினிமாவை எடுத்துவிடு. பாடம் சுமாராகத்தான் நடத்துவான். பதிவேடு எழுதுவதில்தான் புலி, பயந்தவன் கையெழுத்து அழகாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது, பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமையே தயார், சத்துணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, எல்லாம் அவன் தலையில். மற்றவர்களுக்கு அவன் இல்லாமல் பள்ளிக்கூடம் ஓடாது. பிள்ளைகள் அட்டைகளை வைத்து ஏணிப்படி போல ஒவ்வொன்றாகத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றல் 2007-இல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, அட்டையும் ஏணியும் கையில் கொடுத்து எல்லோரையும் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். அன்றைக்குத்தான் அவனும் மற்றவர்களும் சமம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த 25 வருட அனுபவஸ்தர் அவனைப் பார்த்து எழுதட்டும்.

இடையில் அஞ்சல்வழியில் பி.லிட். என்கிற தமிழ்ப் பட்டம் படித்துத் தேறுகிறான், சொந்த மூளையால், செத்தவன் பெயரில். கூடுதல் படிப்புக்குத் தரும் ஊக்க ஊதியம் மட்டும் கேட்க மாட்டான்.

இனி முடிவு. 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது உனக்குத் தெரியும்: பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. உன் ஆளின் கணக்கைப் போடு. ஓய்வு வயது 58-ஆகவே இருந்திருந்தால் ஜூன் 2029-இல் வீட்டுக்குப் போயிருப்பான், விலக்கு உண்டு. 2020-இல் 59 ஆக்கினார்கள், 2021-இல் 60. ஆசிரியர் அறையில் லட்டு கொடுத்தார்கள். இப்போது ஓய்வு ஜூன் 2031, பரீட்சை எழுதியாக வேண்டும். அதுவும் தன் வயதுக் கணக்கில் இல்லை, செத்தவன் வயதுக் கணக்கில்!

தகுதித் தேர்வின் முதல் தாள், 150 கேள்வி, மூன்று மணி நேரம். அறை முழுக்க நிஜ ஆசிரியர்கள் வெளிறிப்போய்க் குழந்தை உளவியல் மனப்பாடம் செய்கிறார்கள். எல்லோரும் வந்து கேட்பது அவனைத்தான். தேறாதவர்கள் வெளியே போக வேண்டும், ஆனால் தகுதியுள்ள பணப்பலன் உண்டு என்பதைப் படித்துவிட்டு அவன் ஒரு முடிவுக்கு வருகிறான்: தோற்றுவிட வேண்டும். வாழ்க்கையில் முதன்முதலாகக் கௌரவமாக வெளியே போக ஒரு வழி. ஆனால் 29 வருடம் பிழையில்லாமல் எழுதிய கை தப்பான விடையைக் கறுக்க மறுக்கிறது. தேறிவிடுகிறான். பள்ளியில் அவன் ஒருவன்தான் தேறுகிறான்.

பிறகு யார் காட்டிக் கொடுப்பது? பங்காளி. எங்கேயும் பங்காளிதான். ஐந்து சென்ட் வழித்தகராறு, அண்ணன் போட்டோவோடு முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு. ஆனால் மனுவைக் கடைசி நாளில் போட்டுவிடாதே. ஓய்வு பெறும் நாளில் இடைநீக்கம் செய்யும் வழக்கத்தை நிறுத்தப்போவதாக 2021-லேயே அறிவித்தாயிற்று, விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஐந்தாறு மாதம் முன்னால் வை. பெரிய குற்றங்களுக்குக் கொடுக்கும் 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை, இடைநீக்கம், பாதிச் சம்பளம் பிழைப்பூதியம். ஓய்வு நாள் வந்ததும், அடிப்படை விதி 56(1)(சி)-படி, ஓய்வு பெற அனுமதி மறுத்து ஆணை. நீ அந்த ஆளே இல்லை என்று குற்றம் சாட்டிவிட்டு, அதே ஆளாகவே பணியில் நீடிக்க வைத்து மாதாமாதம் பணம் போடுகிறது அரசாங்கம். இதற்கு மேல் நீ எழுத என்ன இருக்கிறது?

நம்ப மாட்டார்கள் என்று பயப்படாதே. 2020 ஜூனில் உத்தரப் பிரதேசத்தில் வெளிவந்ததை நினைத்துப் பார். ஒரே ஆசிரியை 25 கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயங்களில், அதாவது பெண் பிள்ளைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளிகளில், ஒரே சமயத்தில் வேலை பார்த்து, 13 மாதத்தில் 1 கோடி ரூபாய் சம்பளம் வாங்கியதாகச் செய்தி. ஆசிரியர் விவரங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தச் சான்றிதழ்களுக்கு உரிய பெண் கோண்டா மாவட்டத்தில் அதிகாரி முன்னால் வந்து நின்று, எனக்கு வேலையே கிடைக்கவில்லை என்றார்.

சுந்தரம், சிரித்துக்கொண்டே படித்தவனுக்கு இங்கே சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணைப் போல வேலை கிடைக்காமல் போன ஆள் உன் நாடகத்தில் இல்லை. மூப்புப் பட்டியலில் செத்தவனுக்கு அடுத்த எண். அந்த ஒரு இடம் தள்ளிப்போனதால் கடிதம் வராமலே போனவர். பங்காளிக்கு மனு எழுதிக் கொடுப்பவராக அவரை வை. தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறார், ஒரு மனுவுக்கு 50 ரூபாய். யாருக்கு எதிராக எழுதுகிறோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரிய வேண்டாம். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதட்டும்.

‘கல்வி அதிகாரி’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதே. 1996 காட்சியில் ஏ.இ.இ.ஓ. (உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்), 2018-க்குப் பிறகு பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்). பிரதியின் ஓரத்தில் சிவப்பில் குறித்திருக்கிறேன், அடுத்த வாரம் சேது அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பை கனமாக இருந்தால் அது மைசூர்பாகு, உனக்கில்லை.

அன்புடன்,
ராஜு