நோயாளியின் வாளியைக் குறை சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: 'நோயாளிகளும் உடன் தங்குபவர்களும் சிக்கனமாக இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.' அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. மகளின் பிரசவத்துக்குத் துணையாக வந்துவிட்டு, குழாய் வறண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக இறங்கி ஏறிய அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்தா சிக்கனமாக இருங்கள் என்பது?

நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தில் பெரும்பகுதி பிரசவ வார்டில் கழிந்தது. ஒரு நாள் இரவுப் பணியில், ஒரு பெண் வலியில் இருக்கும்போதே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. உதவியாளர் பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து மொண்டு ஊற்ற, நான் கை கழுவினேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்தத் தாய் ரத்தம் காய்ந்த துணியோடு விடியும் வரை படுத்திருந்தாள். தண்ணீர் வந்ததும் சுத்தம் செய்துவிடுகிறேன் என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே இரவில், கீழே கருவிகளை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் அறையின் வடிகாலில் சுத்தமான தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அறைக்குத் தனித் தொட்டி. அது பழைய இயந்திரம். உள்ளிருக்கும் காற்றை இழுக்கவும், வெளியேறும் நீராவியைக் குளிர்விக்கவும் நல்ல தண்ணீரை வாங்கி அப்படியே சாக்கடையில் விடும். அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சுழற்றிப் பயன்படுத்தும் வசதிகள் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. எங்கள் நிர்வாகத்துக்குத்தான் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கும் அளவு உங்களுக்குத் தெரியாததல்ல. உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர், ஒரு பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ 100 லிட்டர், வந்து பார்த்துவிட்டுப் போகும் புறநோயாளிக்கு 5 லிட்டர். இது தாராளக் கணக்கு அல்ல, குறைந்தபட்சத் தேவை. இந்த அளவே கிடைக்காத வார்டில் போய் யார் எதை மிச்சம் பிடிப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நெடுநாளாக மனதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழிலேயே, செவிலியர்கள் சரியாகக் கை கழுவுவதில்லை என்று ஒரு கட்டுரை வந்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தே பிரசவக் காய்ச்சல் சாவுகளைக் குறைத்துக் காட்டிய கதையை அதில் எங்களுக்கு நினைவூட்டியிருந்தார்கள். செவிலியர் பயிற்சியில் சேர்ந்தவுடன் நாங்கள் படிக்கும் பாடம் அது. எங்கள் வார்டில் வாஷ்பேசின் இருந்தது, குழாய் இருந்தது, சோப்பும் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அதை அந்தக் கட்டுரையில் யாரும் எழுதவில்லை. அன்று செவிலியர்களைச் சொன்னீர்கள், இன்று நோயாளிகளைச் சொல்கிறீர்கள். பம்பையும் தொட்டியையும் நிர்வகிப்பவர்களிடம் ஒரு கேள்விகூட இரண்டு கட்டுரைகளிலும் இல்லை.

தண்ணீர் இல்லாதபோது ஆல்கஹால் கைத்திரவம் போதும் என்றும் சென்ற இதழ்க் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கைக்கு அது நல்ல வழிதான். ரத்தமும் பனிக்குட நீரும் பட்ட கைக்கு உதவாது. சில வகை வயிற்றுப்போக்குக் கிருமிகளின் வித்துகளையும் அது கொல்லாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவி விடும்.

டயாலிசிஸ் பிரிவைக் கட்டுரை தொடவே இல்லை. கருவியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் கரைசல் ஓடும். நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர், அதுவும் மிகச் சுத்தமான தண்ணீர். அதைத் தயாரிக்க ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீர் தனி. அந்தக் கழிவுநீர் நோயாளியின் உடம்புப் பக்கமே போகாதது. உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். கழிவறைக்கும் தரை கழுவவும் தாராளமாகத் திருப்பி விடலாம். நான் வேலை பார்த்த இடத்தில் அது நேராகச் சாக்கடைக்குப் போனது. ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். நான் ஓய்வுபெறும் வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஒழுகும் ஃப்ளஷ் தொட்டிகள் பற்றிப் புகார் நோட்டில் எழுதியதற்கும் அதே பதில்தான்.

லாரித் தண்ணீர் வாங்கினால் தீர்ந்தது என்று கட்டுரை முடிகிறது. இதைப் படித்தபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நீர்த்தேக்கத்துத் தண்ணீர் சரியான சுத்திகரிப்பு இல்லாமல் லாரியில் வந்தது. அதில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. நோயாளிகளின் கல்லீரல் செயலிழந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சிகிச்சைக்கு வந்து படுத்தவர்கள் அவர்கள். லாரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே நிரப்பியது, யார் சோதித்தது, குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் தொட்டியில் இறக்கக் கூடாது. டயாலிசிஸுக்குப் போகும்போது அதே குளோரினை முழுவதும் நீக்கியாக வேண்டும். இது லாரி ஓட்டுநரும் வாட்ச்மேனும் தங்களுக்குள் முடித்துக்கொள்கிற காரியமா?

தட்டுப்பாடு வரும் என்பது மாதக்கணக்கில் முன்பே தெரிகிற விஷயம். எதை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசி வரை நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருந்தால் பாதிக் குழப்பம் இராது. தோட்டம், வண்டி கழுவுவது, அலுவலகப் பகுதி ஏ.சி.க்குத் தண்ணீர் இழுக்கும் குளிர்விப்புக் கோபுரம், தள்ளிப் போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் என்று ஒரு வரிசை. பிரசவ அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, டயாலிசிஸ், அவசரப் பிரிவு எல்லாம் கடைசி. இப்போது நடப்பது என்ன? மேல் மாடி வார்டுக்கு முதலில் நிற்கிறது, ஏனென்றால் அழுத்தம் அங்கேதான் முதலில் குறையும். யாருக்கு அவசரம் என்பதைக் குழாயின் உயரம் தீர்மானிக்கிறது. அப்புறம், இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டபின் வால்வை மூடிவிடுவது ஒரு வழக்கம். குழாயில் அழுத்தம் இல்லாதபோது விரிசல் வழியாக வெளி அழுக்கு உள்ளே வரும் என்பதைப் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நோயாளிகளைப் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வாக்கியம் போதும். இடம் இருந்தால் மேலே சொன்ன லிட்டர் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். வார்டில் இருக்கும் பெண்கள் அதை வெட்டி எடுத்து, தலைமைச் செவிலியரின் மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் கேட்கப் போகும்போது கையில் காட்ட அச்சில் ஏதாவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்
(பெயரை வெளியிட வேண்டாம்)