புள்ளிகளை விடுங்கள், சதவீதத்தைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் வணிகப் பக்கத்தை விடாமல் படித்துவரும் வாசகன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். பங்குச் சந்தை இறங்கும் நாட்களில், மும்பைச் சந்தையின் விலைப்போக்கைக் காட்டும் குறியீட்டை வைத்து ‘சென்செக்ஸ் 900 புள்ளிகள் வீழ்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். அது பலத்த அடியா, வழக்கமான இறக்கமா என்பது அந்த எண்ணிலிருந்து தெரிவதே இல்லை. 1990 ஜூலையில் சென்செக்ஸ் முதன்முறையாக 1,000-ஐத் தொட்டது. அன்று 900 புள்ளி போயிருந்தால் சந்தையே காலி. 80,000-இல் நிற்கும்போது அதே 900 ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

2020 மார்ச் 23, கொரோனா பீதியில் 3,934 புள்ளிகள் சரிந்தன. மக்களவைத் தேர்தல் முடிவு வெளியான 2024 ஜூன் 4 அன்று 4,389 புள்ளிகள். புள்ளிக் கணக்கில் இரண்டாவதுதான் பெரிது. ஆனால் முன்னதில் போனது 13 சதவீதம். பின்னதில் 6 சதவீதம்கூட இல்லை. சந்தையை நிறுத்திவைக்கும் விதியே 10, 15, 20 சதவீதம் என்றுதான் இருக்கிறது. கொரோனா நாளில் காலையிலேயே 10 சதவீதம் இறங்கியதால் 45 நிமிடம் வர்த்தகத்தை நிறுத்தினார்கள். தேர்தல் நாளில் அதற்குத் தேவையே எழவில்லை.

இன்னொன்று, குறியீட்டை எந்தப் பங்கு கீழே இழுத்தது என்று நீங்கள் எழுதுவது அபூர்வம். சென்செக்ஸில் 30 நிறுவனங்கள், தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியில் 50. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. நிறுவனர்களின் கைவசப் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் வாங்கவும் விற்கவும் கிடைக்கும் பங்குகளின் மொத்த மதிப்பை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். ஒரு பங்கின் விலை எவ்வளவு என்பது இதில் பொருட்டே இல்லை. ஒரு பங்கே லட்சம் ரூபாயைத் தாண்டிய டயர் நிறுவனம் எம்.ஆர்.எஃப் இந்த 50-க்குள் இல்லை. 12 சதவீத எடையுள்ள பங்கு 5 சதவீதம் இறங்கினால் குறியீடு 0.6 சதவீதம் இறங்கும். 1 சதவீத எடையுள்ளது 10 சதவீதமே விழுந்தாலும் குறியீட்டில் குறைவது 0.1 சதவீதம்தான்.

2024 ஜனவரி 17 இதற்கு நல்ல உதாரணம். காலாண்டு முடிவுகள் பிடிக்காமல் எச்.டி.எஃப்.சி வங்கிப் பங்கை விற்றுத் தள்ளினார்கள். 8 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. சென்செக்ஸ் 1,628 புள்ளிகள் சரிந்தது. நாட்டின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது போன்ற தலைப்பைப் படித்தவர்களுக்கு, அதில் பெரும்பங்கு ஒரே வங்கியுடையது என்பது எப்படித் தெரியும்? வெளிநாட்டு முதலீட்டாளர்கள் விற்பது, கச்சா எண்ணெய் விலை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் என்று மற்ற காரணங்களை வரிசையாகச் சொல்கிறீர்கள். அவையும் வங்கி, ஐ.டி., எண்ணெய் போன்ற எடை கூடிய துறைகளின் வழியாகத்தானே குறியீட்டை அசைக்கின்றன.

‘முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி இழப்பு’ என்று அந்தத் தேர்தல் முடிவை ஒட்டி ஜூனில் வந்த தலைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியலிட்ட எல்லா நிறுவனங்களின் எல்லாப் பங்குகளையும், விற்கவே போகாத நிறுவனர்களின் பங்குகளையும் அரசின் பங்குகளையும் சேர்த்துப் போட்ட சந்தை மதிப்பு அது. விற்காதவருக்கு அது ஏட்டுக் கணக்கு. ஜூன் 7-ஆம் தேதியே சென்செக்ஸ், சரிவுக்கு முந்தைய நாளின் அளவைத் தாண்டி முடிந்தது. பரஸ்பர நிதியில் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று தவணையாக எஸ்.ஐ.பி. போடும் சம்பளக்காரர்கள் இத்தகைய தலைப்புகளைப் பார்த்துப் பயந்து பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது நிஜமான நஷ்டம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எனவே தலைப்பில் சதவீதத்தை முதலில் போடுங்கள். கூடவே ஒரு சிறு கட்டத்தில், குறியீட்டை அன்று அதிகம் இழுத்த மூன்று பங்குகள், ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை என்று தாருங்கள். இந்த விவரங்கள் மாலையிலேயே கிடைத்துவிடுவதால் மறுநாள் பதிப்பில் சேர்ப்பது சிரமமாக இராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்