வைஃபை பெட்டி மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் செக்கானூரணிக்குப் பக்கம். போன வருடம் தெருவுக்கு ஃபைபர் லைன் வந்தது. அடுத்த கரண்ட் பில்லிலிருந்து தெருவே புலம்புகிறது. 'அந்தப் பெட்டிதான் இழுக்குது' என்று ராத்திரி படுக்கப் போகும்போது ரவுட்டரை அணைத்து வைக்கிற வீடுகள் நாலைந்து உண்டு. என் வீட்டு அட்டையிலும் இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் என்று இருந்தது 300 ஆகிவிட்டது. முதல் 100 இலவசம் என்பதால் முன்பு 70 யூனிட்டுக்குத்தான் காசு, இப்போது 200-க்கு. 200-ஐத் தாண்டினால் யூனிட் விலையும் ஏறும். கட்டிய பணம் நாலு மடங்குக்கு மேல்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அரிசி, பருப்பு, முட்டைக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு சாமானிலும் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்து, அது ஓடுகிற மணி நேரத்தால் பெருக்கி நோட்டில் எழுதினேன். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான்.

ரவுட்டர் 10 வாட். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டைத் தொடவில்லை. நாலு செல்போனுக்கும் சேர்த்து ஆறு யூனிட். அப்புறம் மீதி நூற்றுச் சொச்சம் எங்கே போனது?

என் மகளோடு போனது. சென்னையில் ஹாஸ்டலில் இருந்தவள், நெட் வந்ததும் ஊருக்கே வந்துவிட்டாள். அமெரிக்காக்காரர்களுக்கான வேலை, சாயங்காலம் ஆறிலிருந்து ராத்திரி மூன்று வரை. முன்னறை ஃபேன் பழசு, 75 வாட். ஒன்பது மணி நேரம் சுற்றுவதில் அது மட்டுமே 40 யூனிட். லேப்டாப் 27. முன்பு ஒன்பதரைக்கு இருட்டிவிடும் வீட்டில் இப்போது ராத்திரி பத்துக்கு மேலும் எரியும் டியூப்லைட் 12. மிச்சம் 30 பேரன் கணக்கு. அரசு கொடுத்த 14 இஞ்ச் டிவியை ஓரங்கட்டிவிட்டு 43 இஞ்ச் வாங்கினோம். கேபிளில் சீரியல் முடிந்தால் அணைத்துவிடுவோம். யூடியூபுக்கு ஏது முடிவு?

ஆக, சென்னை ஆபீஸ் மீட்டரில் ஓட வேண்டியது செக்கானூரணி மீட்டரில் ஓடுகிறது. மகளின் கம்பெனி நெட்டுக்கு மாதாமாதம் பணம் தருகிறது, கரண்டுக்குத் தருவதில்லை. கேட்டால் 'யாரும்மா அதைக் கேட்பாங்க' என்கிறாள். நான் கேட்கிறேன்.

நெட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறாள். கொழுந்தனார் கிணற்று மோட்டாரைக் கட்டிலில் படுத்தபடியே செல்லில் போடுகிறார், மொபட்டுக்குப் பெட்ரோல் மிச்சம். (நிறுத்த மறந்து வரப்பு உடைந்தது தனிக் கதை.)

கடையில் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்தது) பார்த்து வந்திருக்கிறேன். முன்னறைக்கு மாட்டினால் இரண்டு மாதத்தில் 24 யூனிட் குறையும், ரவுட்டர் தின்பதைவிட அதிகம். பெட்டியை அணைக்கிற பக்கத்து வீடுகளுக்கும் இதைச் சொன்னேன், நம்பவில்லை. பேப்பரில் வந்தால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.