பூஜ்யம் காட்டும் கவுன்ட்டர்கள்: சிப் தயாரிப்பாளர்களுக்கும் போர்டு மென்பொருள் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எம்பெடட் ப்ராசசர்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அந்தச் சிப்புக்கென்று பூட்லோடர் (தொடக்கத்தில் முதலில் ஓடும் நிரல்), ஃபர்ம்வேர் (சிப்போடு வரும் அடிப்படை மென்பொருள்), கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எல்லாவற்றையும் தயார்செய்து தரும் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். ப்ராசசருக்குள் நீங்களே வைத்திருக்கும் செயல்திறன் கண்காணிப்பு அலகு (உள்ளே நடக்கும் நிகழ்வுகளை, அதாவது ஈவென்ட்களை, கவுன்ட்டர்களால் எண்ணும் பகுதி), அதாவது பி.எம்.யூ., போர்டு எங்கள் கைக்கு வரும்போது பல நேரம் வேலை செய்வதில்லை. அதைவிட மோசம், வேலை செய்யவில்லை என்று அது சொல்வதும் இல்லை.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். லினக்ஸ் ஏற்றிய போர்டில் பெர்ஃப் என்ற செயல்திறன் அளக்கும் கருவியை ஓட்டி சைக்கிள் (கடிகாரத் துடிப்பு), இன்ஸ்ட்ரக்‌ஷன், கேஷ் மிஸ் (வேகமான இடைநினைவகத்தில் தேடியது கிடைக்காமல் போவது), பிராஞ்ச் மிஸ் (நிரல் எந்தக் கிளையில் போகும் என்ற கணிப்பு தவறுவது) நான்கையும் எண்ணச் சொல்கிறோம். சைக்கிள் எண்ணிக்கை நம்பும்படி வருகிறது, பல கோடி. மற்ற மூன்றும் 0. பிழைச் செய்தி கிடையாது, கெர்னல் பதிவிலும் புகார் இல்லை. 'ஆதரவு இல்லை' என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த நிமிடமே வேறு வழி தேடியிருப்போம். 0 என்பதோ ஒரு விடை மாதிரி வந்து நிற்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிய வேண்டிய ஒரு கணக்கீடு அவ்வப்போது தாமதமானது. கேஷ் போதவில்லையா, மெமரி பஸ்ஸில் நெரிசலா, பிராஞ்ச் கணிப்பு தவறுகிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் பி.எம்.யூ. இருக்கிறது. அது 0 காட்டினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். சிப் கொடுத்தவர்களிடம் கேட்டோம். 'புதிய கெர்னலுக்கு மாறிப் பாருங்கள்' என்று பதில் வந்தது. மாறினோம். அதே 0.

இந்த 0 எங்கிருந்து வருகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாடு ஒவ்வொரு குழுவுக்கும் புதிதாக வந்து சேர்கிறது. ஏஆர்எம் நிறுவனத்தின் 32 பிட் ப்ராசசர் வடிவமைப்பான ஏஆர்எம்வி7 கட்டமைப்பில் ஈவென்ட் கவுன்ட்டர்கள் டீபக் (பிழைதிருத்த) அனுமதி சிக்னல்களோடு பிணைக்கப்பட்டவை. அனுமதி இல்லாத நிலையில் ப்ராசசர் இருந்தால் அவை எண்ணாது. சைக்கிள் கவுன்ட்டருக்கு மட்டும் விலக்கு: கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் (அமைப்புகளை வைக்கும் சிறு நினைவிடம்) அதற்கென்று இருக்கும் ஒரு பிட்டை யாரும் 1 ஆக ஏற்றாத வரை அது பாட்டுக்கு ஓடும். அதனால்தான் சைக்கிள் சரியாகவும் மற்றவை 0 ஆகவும் தெரிகிறது. கார்டெக்ஸ்-ஏ8 என்ற ஏஆர்எம் கோர் (கணக்கீட்டு மையம்) கொண்ட ஐ.எம்.எக்ஸ்53 சிப்பில் இதே கதைதான். ஏஆர்எம் பிளாட்ஃபார்ம் பகுதியின் ஜிபிசி என்ற பொதுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் டீபக் அனுமதி பிட்டை ஏற்றினால்தான் சைக்கிள் தவிர்த்த கவுன்ட்டர்கள் உயிர் பெறும். பொதுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டருக்கும் கேஷ் மிஸ் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி ஊகிப்பார்?

ப்ராசசர் செக்யூர் (பாதுகாக்கப்பட்டது), நான்-செக்யூர் என்று இரு நிலைகளில் ஓடும்; அதில் செக்யூர் பக்கம் இன்னொரு பூட்டு. லினக்ஸ் செக்யூர் நிலையிலேயே ஓடும் பழைய ஏஆர்எம்வி7 போர்டுகளுக்கு, டிவைஸ் ட்ரீயில் (வன்பொருள் விவரங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஒரு பண்பைச் சேர்த்தால் கெர்னலே செக்யூர் டீபக் ரெஜிஸ்டரைத் திறந்துகொள்ளும். நான்-செக்யூர் நிலையில் லினக்ஸ் ஏறினால் அந்த ரெஜிஸ்டரை அது தொடவே முடியாது. அப்போது பூட்லோடரோ, செக்யூர் நிலையில் ஓடும் ஃபர்ம்வேரான செக்யூர் மானிட்டரோதான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அந்த மானிட்டர் பெரும்பாலும் நீங்கள் மூல நிரல் இல்லாமல் பைனரியாக மட்டும் தருவது. நாங்கள் என்ன செய்வது?

64 பிட்டுக்கு வந்த பிறகும் இது ஓய்ந்துவிடவில்லை. ஹைப்பர்வைசர் (இயங்குதளத்துக்கு மேலே இருந்து அதை ஆளும் மென்பொருள்) சில கவுன்ட்டர்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டால், கீழே ஓடும் லினக்ஸுக்கு மிச்சம் இருப்பவை மட்டுமே கண்ணில் படும். கார்டெக்ஸ்-ஏ53-இல் 6 ஈவென்ட் கவுன்ட்டர்கள் உண்டு என்று நம்பி வந்தவர், இரண்டு மூன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திகைப்பார்.

எல்லா 0-உம் பழுது இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணிக்கைக்கான பொது ஈவென்ட் எண் ஹெக்ஸ் (16 அடிமான முறையில்) 08. கார்டெக்ஸ்-ஏ9-இல் அந்த ஈவென்ட்டே கிடையாது, அதற்குப் பதிலாக ஹெக்ஸ் 68-ஐப் பயன்படுத்த வேண்டும். கெர்னலுக்கு இது தெரியும். ஈவென்ட் எண்ணை நேரடியாகக் கொடுத்து அளப்பவருக்குத் தெரியாது.

அப்புறம் இன்டரப்ட், அதாவது ப்ராசசரின் வேலையை இடைமறிக்கும் சிக்னல். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன், ஏனென்றால் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் பி.எம்.யூ. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். எந்த ஃபங்க்‌ஷனில் நேரம் போகிறது என்று மாதிரி எடுத்துப் பார்க்க, கவுன்ட்டர் நிரம்பி வழியும்போது இன்டரப்ட் வந்தே ஆக வேண்டும், அதுவும் எந்தக் கோரின் கவுன்ட்டர் நிரம்பியதோ அந்தக் கோருக்கு. ஒரு கோரின் பி.எம்.யூ. ரெஜிஸ்டர்களை இன்னொரு கோர் அதே முறையில் படிக்க முடியாது. நான்கு கோர் கொண்ட ஐ.எம்.எக்ஸ்6-இல் நான்கின் இன்டரப்ட்டும் ஒரே கம்பியில் இணைக்கப்பட்டிருக்கிறது. ஓமேப் 4430 என்ற சிப்பில் அது கிராஸ் ட்ரிகர் என்ற டீபக் பகுதியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. சிப் வடிவமைப்பில் ஆயிரம் நெருக்கடி இருக்கும், புரிகிறது. ஆனால் டிவைஸ் ட்ரீயில் இன்டரப்ட் எண்ணைத் தவறாகப் போட்டு அனுப்புவதற்கு நெருக்கடி காரணமாகாது. கெர்னலின் இன்டரப்ட் பட்டியலைத் திறந்து பி.எம்.யூ. வரி எல்லாக் கோரிலும் ஏறுகிறதா என்று ஒரு முறை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இன்டரப்ட் இல்லாவிட்டால் வெறும் எண்ணிக்கையும் கெட்டுப்போகும். 32 பிட் கவுன்ட்டர் 1 கிகாஹெர்ட்ஸில் சுமார் 4.3 வினாடியில் ஒரு சுற்று சுற்றி மீண்டும் 0-க்கு வந்துவிடும். இடையில் யாரும் படிக்காவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது. நீண்ட ஓட்டத்தில் வரும் எண் பார்க்க நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது.

சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களிலும் இதே நோய்தான். கார்டெக்ஸ்-எம்4-இல் சைக்கிள் கவுன்ட்டர் ஓட வேண்டுமானால் டீபக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 24-ஆவது பிட்டை முதலில் ஏற்ற வேண்டும். டீபக்கர் (பிழைதிருத்தும் கருவி) மாட்டியிருக்கும்போது பெரும்பாலும் டீபக்கரே அதை ஏற்றிவிடுகிறது. ஆகவே மேஜையில் ஓடும், டீபக்கரைக் கழற்றினால் நின்றுவிடும். எடுத்துக்காட்டு நிரலில் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தரக் கூடாதா?

பாதுகாப்புக்காகவே மூடி வைக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, கவுன்ட்டர்கள் வழியாக ரகசியம் கசிய முடியும் என்பது உண்மைதான். விற்பனைக்குப் போகும் போர்டில் பூட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பூட்டியிருக்கிறது என்று டிரைவர் சொல்லட்டும். எண்ண முடியாத ஈவென்ட்டை ஏற்றுக்கொண்டு 0-ஐத் திருப்பித் தருவது பாதுகாப்பில் சேராது. உருவாக்கும் கட்டத்தில் அதைத் திறக்கும் வழியும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய வேலை இல்லை. ரெஃபரன்ஸ் மேனுவலில் பி.எம்.யூ.வுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: எந்த அனுமதி சிக்னல் எந்த ரெஜிஸ்டரின் எந்தப் பிட்டில் இருக்கிறது, ரீசெட்டுக்குப் பின் அதன் மதிப்பு என்ன, ஒவ்வொரு கோரின் இன்டரப்ட் எண் என்ன, செக்யூர் ஃபர்ம்வேர் எதைத் திறந்து வைக்கிறது. ஏஆர்எம் மேனுவலைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டால் போதாது, ஏனென்றால் அந்த மேனுவலுக்கு உங்கள் கம்பிகள் தெரியாது.

அப்புறம் ஒரு சோதனை. ஏஆர்எம்மில் மென்பொருளே கூட்டும் ஒரு ஈவென்ட் இருக்கிறது, எண் 00. அதை ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஏற்றி 1000 முறை கூட்டிப் படியுங்கள். 1000 வர வேண்டும். பிறகு கவுன்ட்டரை அதன் உச்சத்துக்குச் சற்றுக் கீழே வைத்து நிரம்ப விட்டு, இன்டரப்ட் அதே கோருக்கு வருகிறதா என்று பாருங்கள். எல்லாக் கோரிலும் இதைச் செய்யுங்கள். கோர் ஒரு முறை உறங்கி எழுந்த பிறகும் செய்யுங்கள், ஏனென்றால் பவர் போனால் பி.எம்.யூ. அமைப்புகளும் போய்விடும், அவற்றை யாராவது மீட்டாக வேண்டும். யுஏஆர்டி, ஈதர்நெட் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதானே வெளியிடுகிறீர்கள்? அந்தப் பட்டியலில் இதையும் சேருங்கள்.

அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் இந்தச் சோதனையின் முடிவு இடம்பெற வேண்டும். ஏற்கெனவே விற்ற சிப்களுக்கு, எந்தப் பதிப்பில் எந்தக் கவுன்ட்டர் எண்ணாது என்ற விவரம் பிழைப்பட்டியலில் வர வேண்டும். சோதனை நிரலை எழுதித் தரவும், எங்கள் போர்டுகளில் ஓட்டிச் சொல்லவும் என்னைப் போன்ற பலர் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
எம்பெடட் லினக்ஸ் பொறியாளர் ஒருவர்